கல்விக்குப் பேராசிரியர்: பெற்ற சிறப்பும் விளைந்த பயனும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் வன்னிப் பெருநிலப்பரப்பின் ஊரொன்றிலே பாராட்டு விழாவொன்று நிகழ்ந்தது. பல்கலைக்கழகமொன்றின் கல்வியியற்றுறையில் விரிவுரையாளராயிருந்து பேராசிரியராக உயர்ந்த ஒருவரை ஊரவர் மேளதாளத்தோடு அழைத்து வந்து, மாலை சூட்டி, பொன்னாடை போர்த்து, வாழ்த்துப்பாவும் படித்தளித்தனர். யாமும் அவ்விழாவிற்குச் சென்றிருந்தோம். கூட்டம் கலையும் வேளையில், எமக்கு அருகே அமர்ந்திருந்த முதிய கமக்காரர் ஒருவர் எம்மை நோக்கி, "மாஸ்ரர், கணிதத்துக்குப் பேராசிரியர் எண்டால் விளங்குது. தமிழுக்குப் பேராசிரியர் எண்டாலும் விளங்குது. கல்விக்குப் பேராசிரியர் எண்டால், அவர் எந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறவர்?" என வினவினார்.

யாம் உடனே விடையிறுக்க இயலாது தயங்கினோம். பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் சான்றிதழ் பெற்று, ஆண்டுகள் பலவற்றை வகுப்பறையிற் கழித்த எமக்கே அதன் விடை நாவில் எழவில்லை. வினாவிற் குறையில்லை, குறை எம்மிடத்ததே. பெரியவர் அன்று கேட்டதற்கு ஆறுதலாக விடை கூறுதற்கு நமது கல்லூரிப் பழைய மாணவர் வெளியிடும் இவ்விழா மலர் ஏற்ற இடமாகுமெனக் கருதி இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

கல்வியியல் என்பது யாது?

மருத்துவப் பேராசிரியரின் சிறப்பை நோய் தீர்ந்தவன் அறிவான். பொறியியலறிஞரின் சிறப்பை இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் நின்று கீழே விரிந்த வயல்களை நோக்குவோன் அறிவான். கல்வியியலறிஞரின் சிறப்போ அவ்வாறு கண்முன்னே காணத்தக்கதன்று. அவர் ஆசிரியருக்குக் கற்பிக்கின்றார். அவ்வாசிரியர் மாணாக்கருக்குக் கற்பிக்கின்றனர். அம்மாணாக்கர் பெற்ற பயன் அவர் வளர்ந்து வாழும் நாளிலேதான் வெளிப்படுகின்றது. பயன் வெளிப்படும் பொழுது அதன் வித்தை இட்டவர் இன்னாரென எவரும் அறியார்.

குழந்தை எவ்வாறு கற்கின்றது என்பதைக் கல்வி உளவியல் ஆராயும். எதன்பொருட்டுக் கற்பிக்கின்றோம் என்பதைக் கல்வித் தத்துவம் ஆராயும். முன்னோர் கற்பித்தவாற்றைக் கல்வி வரலாறும், பிறநாட்டார் கற்பிக்குமாற்றை ஒப்பியற் கல்வியும் எடுத்துரைக்கும். எதனை எவ்வொழுங்கிற் கற்பித்தல் வேண்டும் என்பது கலைத்திட்டம். கற்றதனை எவ்வாறு அளந்தறிதல் கூடும் என்பது மதிப்பீடு. இவையெல்லாம் சேர்ந்ததே கல்வியியல்.

இதனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவாம். ஐம்பத்திரண்டிலிருந்து முப்பத்தேழைக் கழிக்கும்படி கூற, ஒரு பிள்ளை 25 என விடையெழுதுகின்றது. சரியான விடை 15. வழக்கமாகச் செய்வது சிவப்பு மையாற் கோடிடுவதே. கல்வியியல் கற்றவரோ, "இப்பிள்ளை எவ்வாறு 25 என்னும் விடையை அடைந்தது?" எனத் தம்மையே வினவுவர். பிள்ளை ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கின்றது: ஐந்திலே மூன்று போக இரண்டு, ஏழிலே இரண்டு போக ஐந்து. எனவே இது கவனமின்மையால் நேர்ந்த பிழையன்று. பிள்ளை தானே வகுத்துக்கொண்ட ஒரு விதியினால் நேர்ந்த பிழை. அவ்விதியைக் கண்டு திருத்தாது நூறு கணக்குக் கொடுத்தாலும் நூறும் அவ்வாறே பிழைக்கும். ஆசிரியர் கையிலுள்ள சிவப்புப் பேனாவை ஒரு கணம் நிறுத்தி, காரணத்தைத் தேடுமாறு செய்வதே கல்வியியற் பேராசிரியரின் பணி.

இப்பணி ஏட்டளவில் நின்றுவிடலாகாது என்பதை மேனாட்டாரும் உணர்ந்திருந்தனர். அமெரிக்க நாட்டறிஞராகிய ஜோன் டூயி சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய காலத்தில், 1896ஆம் ஆண்டில், அப்பல்கலைக்கழகத்தின் சார்பிலே சிறுவர் பாடசாலையொன்றைத் தொடங்கித் தம் கொள்கைகளை அங்கே சோதித்துப் பார்த்தார். வேதியியலாருக்கு ஆய்வுகூடம் எவ்வாறோ, கல்வியியலாருக்கு வகுப்பறை அவ்வாறு என்பது அவர் கருத்து.

சிறப்புக்களின் வகை

பல்கலைக்கழக ஆசிரியர் பெறும் சிறப்புக்களை மூவகைப்படுத்தலாம். முதலாவது, முயன்று பெறுவது. முதுமாணி, கலாநிதி முதலிய பட்டங்கள் ஆய்வு செய்து, ஆய்வேடு எழுதி, தேர்வாளர் முன் நிலைநாட்டிப் பெறுவன. பேராசிரியர் பதவியும் இவ்வகையினதே. கற்பித்தல், ஆராய்ச்சி, பல்கலைக்கழகத்திற்கும் நாட்டிற்கும் ஆற்றிய தொண்டு ஆகியவற்றைச் சீர்தூக்கியே அது வழங்கப்பெறும். இரண்டாவது, பிறர் மனமுவந்து அளிப்பது. கௌரவ கலாநிதிப் பட்டம், ஓய்வின் பின் வழங்கும் தகைசார் பேராசிரியர் நிலை, மணிவிழா மலர், மறைந்த பின் ஆண்டுதோறும் நிகழும் நினைவுப் பேருரை ஆகியன இவ்வகையின. மூன்றாவது, நாடு அழைத்துப் பொறுப்பை ஒப்படைப்பது. கல்வி ஆணைக்குழுவிற்குத் தலைமை தாங்குமாறு ஒருவரைக் கேட்பது, அவரது அறிவை நாடு தன் பிள்ளைகளின் பொருட்டுக் கடன் கேட்பதாகும்.

இம்மூன்றற்கும் அப்பால் நாலாவது சிறப்பொன்று உண்டு. அதற்குச் சான்றிதழும் இல்லை, பொன்னாடையும் இல்லை. அஃது யாதென்பதைப் பின்னர்க் கூறுவாம்.

பயிற்றப்பட்ட ஆசிரியர் ஒருவர்

இலங்கையிற் கல்வியியற்றுறை தோன்றுதற்கு முன்னரே, பயிற்றப்பட்ட ஆசிரியர் ஒருவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இருக்கையில் அமர்ந்தமையை முதற்கண் நினைவுகூர்தல் எம்போன்றோருக்குக் கடன். கிழக்கிலங்கைக் காரைதீவில் 1892ஆம் ஆண்டிற் பிறந்த மயில்வாகனனார், பின்னாளில் விபுலாநந்த அடிகள் எனப் போற்றப்பெற்றவர், கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றே தம் வாழ்வைத் தொடங்கினார். 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும், 1920ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் சித்தியெய்தினார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கினார். 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். 1936ஆம் ஆண்டிற் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1947ஆம் ஆண்டில் யாழ்நூலை அரங்கேற்றினார்.

அவர் கல்வியியற்றுறையைச் சார்ந்தவரல்லர் என்பது உண்மையே. ஆயினும், விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கச் சொல் வேண்டுமென்று அவர் உழைத்த உழைப்பு, வகுப்பறையிற் சொல்லின்றி இடர்ப்பட்ட ஆசிரியர் ஒருவரின் உழைப்பேயாம்.

கல்வியியற்றுறையின் தோற்றம்

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. ஏழாண்டுகள் கழித்து, 1949ஆம் ஆண்டிலே கல்வியியற்றுறை அங்கே தொடங்கிற்று. அதன் முதற் பேராசிரியர் தி. எல். கிறீன் என்னும் ஆங்கிலேயர். பேராதனையிற் பல காலம் வளர்ந்த இத்துறை பின்னர்க் கொழும்புக்கு மாறி, 1978ஆம் ஆண்டிற் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடமாயிற்று. 1974ஆம் ஆண்டில் யாழ்ப்பாண வளாகம் தோன்றியதும், வடபுலத்து ஆசிரியருக்குக் கல்வியியலைத் தம் மண்ணிலேயே கற்கும் வாய்ப்புக்கு வழி பிறந்தது.

கிறீனுக்குப் பின் அவ்விருக்கையில் அமர்ந்தவர் ஜே. ஈ. ஜயசூரியா. பாடசாலை அதிபராயிருந்து பல்கலைக்கழகம் புகுந்த இவர் கணிதத்தில் வல்லவர்; கணிதப் பாடநூல்களைச் சிங்கள மொழியில் ஆக்கியவர். ஆங்கிலத்திலேதான் கணிதம் கற்றல் கூடும் என்றிருந்த எண்ணத்தை வாதத்தாலன்றி நூலாலேயே மாற்ற முயன்றவர் எனலாம். உதவி நன்கொடை பெற்று வந்த பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற காலத்தில், 1961ஆம் ஆண்டில் அமைந்த தேசிய கல்வி ஆணைக்குழுவிற்கு இவரே தலைவராயினார். 1939 முதல் 1968 வரையுள்ள இலங்கைக் கல்வி வரலாற்றை ஆராய்ந்து இவர் எழுதிய ஆங்கில நூல் 1969ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர் யுனெஸ்கோ நிறுவனத்தின் அழைப்பை ஏற்று ஆசியப் பிரதேசத்திற் பணிபுரிந்தார். 1991ஆம் ஆண்டில் இவர் மறைந்தபின், இவர் பெயரால் நினைவுப் பேருரைகள் நிகழ்ந்து வந்துள்ளன. மேற்கூறிய மூவகைச் சிறப்பும் ஒருவரிடத்தே பொருந்தியமைக்கு இவர் சான்று.

இத்துறையிற் பேராசிரியராய் விளங்கிய சுவர்ணா ஜயவீர அம்மையாரையும் ஈண்டுக் குறித்தல் தகும். பெண்கல்வி பற்றிய ஆய்வைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட அவர், 1984ஆம் ஆண்டிற் கொழும்பிலே பெண்கள் ஆய்வு நிலையத்தை நிறுவியோருள் ஒருவர். பள்ளிக்கு வாராத பெண்பிள்ளையைப் பற்றி ஊகத்தாற் பேசாது, எண்ணிக் கணக்கெடுத்து, காரணம் ஆராய்ந்து பேசும் வழக்கத்தை நாட்டிற்கு அளித்தவர்களுள் அவர் முன்னிற்பவர்.

தனிநாயக அடிகள்

தனிநாயக அடிகளைத் தமிழாராய்ச்சி மாநாடுகளின் தந்தையென எல்லாரும் அறிவர். அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தது தமிழன்று, கல்வியியலே என்பதைப் பலர் அறியார்.

1913ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 2ஆம் நாள் ஊர்காவற்றுறையைச் சார்ந்த கரம்பனிற் பிறந்த அவர், உரோமாபுரியிற் சமயக் கல்வி முடித்து, தமிழகத்து வடக்கன்குளத்திற் பாடசாலை ஆசிரியராகப் பணிபுரிந்தார். தமிழை ஆழ்ந்து கற்க வேண்டுமென்னும் வேட்கை எழுந்தது அக்காலத்தேயாம். ஒரு பண்டிதரிடம் மாணாக்கராயிருந்து பயின்ற பின்னர், முப்பது வயது கடந்த நிலையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புகுந்து முதுமாணிப் பட்டமும், பண்டைத் தமிழ்ச் செய்யுளில் இயற்கை பற்றிய ஆய்விற்கு எம். லிற். பட்டமும் பெற்றார். 1952ஆம் ஆண்டிலே இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வியியல் விரிவுரையாளரானார். அவ்வாண்டிலேயே 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழையும் தொடங்கி, தமிழின் பெருமையைப் பிறமொழியறிஞர் அறியச் செய்தார்.

கல்வியியலாசிரியராக இருந்தமை அவரது தமிழாராய்ச்சிக்கு ஒரு புதுக்கண் அளித்தது. இலண்டனில் கல்வியியலிற் கலாநிதிப் பட்டத்திற்கு ஆய்வு செய்யப் புகுந்தபோது, பண்டைத் தமிழிலக்கியத்திற் காணப்படும் கல்விச் சிந்தனையையே அவர் பொருளாகக் கொண்டார். சங்க நூல்களை இலக்கியச் சுவைக்காகக் கற்றோர் பலர். வரலாற்றுக்காகக் கற்றோர் சிலர். அச்சமுதாயத்தில் ஆசிரியர் யாவர், அவர் யாருக்கு எதனைக் கற்பித்தனர் என வினவி அவர் ஆராய்ந்தார். யாழ் ஏந்தி ஊரூராய்ச் சென்ற பாணரையும், மன்னனை அஞ்சாது இடித்துரைத்த புலவரையும் மக்களின் ஆசிரியராக அவர் கண்டார். கல்விச் சிந்தனை கிரேக்கத்திலும் உரோமாபுரியிலும் தோன்றியதென்று மட்டுமே கற்று வந்த ஆசிரியர்களுக்கு, நும் மொழியிலும் அஃது உண்டு என எடுத்துக் காட்டியமை சிறிய செயலன்று.

1961ஆம் ஆண்டில் அவர் மலாயாப் பல்கலைக்கழகம் சென்று இந்தியவியற் பேராசிரியரும் கலைப்பீடத் தலைவருமாயினார். 1964ஆம் ஆண்டு சனவரியிற் புதுதில்லியிலே கீழைத்தேயவியலாளர் கூடிய வேளையில், உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அவரது முயற்சியால் உருவாயிற்று. அதன் முதல் மாநாடு 1966ஆம் ஆண்டிற் கோலாலம்பூரிலும், இரண்டாவது 1968ஆம் ஆண்டிற் சென்னையிலும், மூன்றாவது 1970ஆம் ஆண்டிற் பாரிசிலும், நாலாவது 1974ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலும் நிகழ்ந்தன. 1980ஆம் ஆண்டு செத்தெம்பர் 1ஆம் நாள் அவர் யாழ்ப்பாண மண்ணில் மறைந்தார். ஒரு பாடசாலை ஆசிரியர் தமக்குத் தெரியாததை ஒப்புக்கொண்டு மீண்டும் மாணாக்கரானமையே அவர் பெற்ற சிறப்புக்கெல்லாம் மூலம் என்பது எம் துணிபு.

தமிழிற் கல்வியியல்

பிற்காலத்திலே இத்துறையைத் தமிழ் நூல்களால் வளம்படுத்தியோருள் இருவரை இங்குக் குறிப்பிடுவாம். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தின் பீடாதிபதியாக விளங்கிய பேராசிரியர் சோ. சந்திரசேகரன், மலையகத் தமிழரின் கல்வி முதல் உலகக் கல்விப் போக்குகள் வரை தமிழிலே இடைவிடாது எழுதியவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கல்வியியற் பேராசிரியர் சபா. ஜெயராசா, உளவியல், கலைத்திட்டம், சிறுவர் இலக்கியம், திறனாய்வு எனப் பல பொருள்களில் நூல்கள் தந்தவர். இவர்கள் ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருப்பின் அவ்வெழுத்து அயல்நாட்டறிஞரைச் சேர்ந்திருக்கும். வன்னியின் ஓலைக்கொட்டிலில் வகுப்பெடுக்கும் ஆசிரியரைச் சேர்ந்திராது.

இவ்விடத்தே எம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுதல் பொருந்தும். 2009ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் செட்டிகுளத்து இடைத்தங்கல் முகாமொன்றில், தகரக் கொட்டகையின் கீழ் யாம் கற்பிக்க நேர்ந்தது. மேசையில்லை, கரும்பலகையும் போதியதாயில்லை. மாணாக்கரும் இடம்பெயர்ந்தோர்; யாமும் இடம்பெயர்ந்தோம். நாலாம் வகுப்பிலே ஒரு சிறுவன் இருந்தான். வரவு கூப்பிடும்போது அவன் விடையிறுப்பதில்லை. எழுதச் சொன்னால் எழுதுவான், வாய் திறவான். முதல் நாள் எமக்குச் சினம் எழுந்தது. மறுநாளும் எழுந்தது. மூன்றாம் நாள், ஆசிரிய கலாசாலையில் எமக்குக் கற்பித்த விரிவுரையாளர் ஒருவர், தமிழ்க் கல்வியியல் நூலொன்றைக் கையிற் பிடித்தவாறு, பேசாத பிள்ளையைப் பேசும்படி வற்புறுத்தலாகாதென்றும், அது தான் இருக்குமிடம் பாதுகாப்பானதென்று தெளியும்வரை வேறு வழியாற் கருத்தை வெளியிட இடமளித்தல் வேண்டுமென்றும் கூறியது நினைவிற்கு வந்தது. அன்று தொட்டு யாம் அவன் பெயரைக் கூப்பிட்டு, அவனை நோக்கி, தலையசைத்து, அவன் வந்தானென இடாப்பிற் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குச் சென்றோம். வரைவதற்குத் தாளும் கொடுத்தோம். ஆறு வாரம் கழிந்தபின் ஒரு நாட் காலை, அவன் பெயரைக் கூப்பிட்டபோது, "உள்ளேன் ஐயா" என்றான்.

அந்நூலை எழுதியவர் அச்சிறுவனை அறியார். அதனை எமக்குக் கற்பித்த விரிவுரையாளரும் அறியார். யாம் முன்னர்க் கூறிய நாலாவது சிறப்பு இதுவே. கல்வியியலறிஞர் ஒருவர் எழுதிய சொல், அவர் ஒருபோதும் காணாத பிள்ளையின் வகுப்பறையைச் சென்றடைதல்.

வன்னிக்கு வேண்டுவது

இவ்வளவினால் அமைந்துவிடாது. வன்னியின் உயர்கல்வி நிலையையும் நோக்குவாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்பப் பீடங்கள் அமைந்தன. 1997ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிருந்த வவுனியா வளாகம், 2021ஆம் ஆண்டு ஓகத்து மாதம் முதல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இவை நாம் மகிழத்தக்கன. ஆயினும் அப்பல்கலைக்கழகம் தொடங்கியபோது அமைந்த பீடங்கள் பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கை, தொழினுட்பக் கற்கை என்னும் மூன்றே. கல்விக்கெனத் தனிப் பீடம் அன்று அமையவில்லை. வவுனியாவிலே தேசிய கல்வியியற் கல்லூரி ஆசிரியரைப் பயிற்றுகின்றது. திறந்த பல்கலைக்கழகம் தமிழ்மொழி மூலமும் ஆசிரியருக்குக் கல்வியியற் பட்டப்பின் பயிற்சியை அளித்துள்ளது. ஆயினும் பயிற்றுவித்தல் வேறு, ஆராய்தல் வேறு.

வன்னியின் வகுப்பறைக்கெனச் சில வினாக்கள் உள. பலமுறை இடம்பெயர்ந்து கல்வியை இடையில் இழந்த பெற்றோரின் பிள்ளைக்கு வீட்டில் யார் துணை? வெள்ளத்திலும் அறுவடைக் காலத்திலும் வரவு குறையும் பாடசாலைக்கு எவ்வகைக் கால அட்டவணை பொருந்தும்? இரண்டு மூன்று வகுப்புக்களை ஒரே ஆசிரியர் ஒருங்கே கற்பிக்கும் சிறுபாடசாலையில் எம்முறை பயன்தரும்? இவ்வினாக்களைக் கொழும்பிலிருந்து கேட்டல் அரிது. இங்கிருந்து கேட்போரே கேட்டல் வேண்டும்.

இன்னுமொரு கவலையையும் மறையாது கூறுவாம். எம்மிடையே பட்டமும் தகைமையும் பலருக்கு வெளியேறும் வழியாகவே அமைந்துவிடுகின்றன. கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் ஆசிரியர் ஊர் திரும்புகின்றனர். மேற்படிப்பு முடித்தவர் நகரம் செல்கின்றனர். அவர்களைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. அவர்களுக்கும் குடும்பம் உண்டு. ஆயினும், பெற்ற சிறப்பு ஒவ்வொன்றும் பின்தங்கிய வகுப்பறையை விட்டு ஒருபடி விலகுதலாகவே முடியுமாயின், சிறப்புப் பெருகப் பெருக வகுப்பறை வறுமையெய்தும்.

ஆதலின் பழைய மாணவருக்கு எம் வேண்டுகோள் இரண்டு. மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வந்த நம் மாணவரைப் பாராட்டுதல் போலவே, கல்வியியலை நாடும் மாணவர் ஒருவரையேனும் ஆண்டுதோறும் இனங்கண்டு, நூலும் செலவும் உதவி, ஊக்குவித்தல் வேண்டும். அன்றியும், கல்வியியற் பேராசிரியர்களைப் பாராட்டு மேடைக்கு அழைக்கும் பொழுது, பொன்னாடை போர்த்தியபின் அடுத்த நாளும் இங்கே தங்குவித்து, நாலாம் வகுப்பிற் சென்று அமருமாறு வேண்டுதல் வேண்டும். அவ்வழைப்பை மெய்யான கல்வியியலறிஞர் எவரும் மறார்.

அன்று எம்மை வினவிய பெரியவருக்கு இப்பொழுது விடை கூறுவாம்: "ஐயா, பிள்ளை ஏன் பிழைவிட்டது, ஏன் வாய் திறக்கவில்லை என்று யோசிக்க, எங்களைப்போல வாத்திமாருக்குப் படிப்பிக்கிறவர்தான் அவர்."

நமது கல்லூரியின் விழா இனிது நிறைவுறுக. கல்லூரி நீடு வாழ்க.